ஏழாம் குழாய்

ராத்திரி இரண்டே காலுக்குப்
பாலம் ஒருமுறை சொடுக்குப் போட்டது.
திரையில் ஒரு கோடு எழுந்து அடங்கியது.
இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது கம்பி.
கீழே வாத்துகள் அசையவில்லை.
லெய் ஆறு வழக்கம்போல் சேறு சுமந்து போனது.

எழுபத்து மூன்று வயது.
பின்வாங்கிய படை ஒன்று பழைய இரும்புப் பாலத்தை
ஆற்றுக்குள் மடக்கிப் போட்டுவிட்டுப் போனது.
பிறகு எஃகுக்குத் தட்டுப்பாடு. ரொட்டிக்குச் சீட்டு.
கொஞ்ச எஃகில் நெடுந்தூரம் தாண்ட வேண்டும்.

பலர் தோற்ற வழி அது.
கம்பியை இழுத்துக் கட்டினால் கான்கிரீட் இறுகும்,
விரிசல் விடாது என்பது
முந்தியவர்களுக்கும் தெரியும்.
கட்டினார்கள். சில வருஷத்தில் தொய்ந்தது.
கல் என்று நம்பியது கல் இல்லை;
சுமையின் கீழ் மெல்ல மெல்லச் சுருங்கிக்
கம்பியின் இழுப்பைத் தின்றுவிடும் பிராணி.
அதைத் தடுக்க முடியாது.
அது தின்னும் பங்கையும் சேர்த்து இழு.
அதற்கு மேலும் இழு.
தின்றது போக மிஞ்சட்டும்.
கண்டுபிடிப்பு இவ்வளவுதான்.
மீதியெல்லாம் நல்ல எஃகு.

ஆளித்தண்டை ஆற்றில் ஊறப்போட்டுப் பிழைத்த ஊர் இது.
நார் சீவிய கைகள்
கூலி கூடுதல் என்று கம்பி சீவ வந்தன.
இரண்டிரண்டாக இழுத்து, ஆப்பு அடித்து,
மறுபடி இரண்டிரண்டாக.
நாணேற்றி அவிழ்க்காமல் விட்ட வில் போல
உத்தரம் நடுவில் ஒரு விரற்கடை உயர்ந்தது.

அப்புறம் குழாய்களுக்குள் சிமெண்ட் பால்.
அதற்கு ஒரு நோட்டு உண்டு.
அஷீல் வண்டர்மீர்ஷ் என்பவரின் ஊதா மை.
ஒன்று: நிறைந்தது.
இரண்டு: நிறைந்தது.
ஏழு: நாற்பத்தொரு லிட்டர். உறைபனி. பம்ப் நின்றது. நிறையவில்லை.
எட்டு: நிறைந்தது.
அடுத்த பக்கம் முழுக்க அதே சொல்,
பன்னிரண்டு வரை.

நாங்கள் ஏழைத்தான் சந்தேகப்பட்டோம்.
எப்போதும் ஏழைத்தானே.

ரைன்ஹில்ட் துளை போட்டாள்.
நான் விளக்குப் பிடித்தேன்.
ஏழில் முக்கால்வாசி காற்று,
எங்களைவிட மூத்த காற்று, லேசான எண்ணெய் வாசனையோடு.
உள்ளே கம்பிகள்
நேற்றுச் சீவிய நார் போல் சாம்பல் மினுக்கத்தோடு கிடந்தன.
"காய்ந்து கிடந்ததால் பிழைச்சிருக்கு" என்றாள்.
கையுறையைக் கழற்றி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.
அது விதிமுறையில் இல்லை.

பன்னிரண்டு நிறைந்துதான் இருந்தது.
நகத்தால் வழிக்கலாம், அப்படி ஒரு ஈரச் சுண்ணாம்பு.
அதற்குள் பழுப்புக் குழம்பு,
நான்கைந்து ஒடிந்த முனைகள்.
நேர் மேலே தளத்தில் ஒரு நீர்ப்போக்கி.
ஒவ்வொரு பனிக்கும் நகராட்சி தூவிய உப்பு
கரைந்து, கசிந்து, வழி விசாரித்து,
'நிறைந்தது' என்று எழுதிய இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அஷீல் பொய் சொல்லவில்லை.
அந்த முனையில் பால் வழிந்தால் நிறைந்தது,
அன்றைக்கு அதுதான் கணக்கு.
தண்ணீர் பிரிந்து மேலே நின்றதை
மூடிய குழாய்க்குள் யார் பார்த்தது?
ஆனால் ஏழை மட்டும் ஏன் அப்படி எழுதினார்?
'நிறைந்தது' என்று போட்டிருந்தால்
வீட்டுக்கு அரைமணி முன்னால் போயிருக்கலாம்.
அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.

இன்னும் விழவில்லை, காரணம் உண்டு:
ஒடிந்த கம்பி
பால் கெட்டியாக இருக்கும் இடம் வந்ததும்
மறுபடி பிடித்துக்கொள்கிறது,
ஒடிந்ததே தெரியாத மாதிரி.
எத்தனை தடவை பிடிக்கும் என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

மூன்றரை டன் என்று பலகை வைத்தாயிற்று.
ரொட்டி வண்டி போகலாம். தீயணைப்பு வண்டி
பதினோரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.
மேயருக்கு என் பேரைக் கேட்டாலே ஆகாது.

மணி இரண்டரை.
கோடு நேராகப் போய்க்கொண்டிருக்கிறது.
விளக்கில்லாத சைக்கிள் ஒன்று பாலம் ஏறுகிறது.
அதன் சங்கிலிச் சத்தம்
என் காதுக்குள், குழாய் குழாயாக.